மலையகத்தில் எயார்சொஃப்ட் ஸ்னைப்பர் ரைஃபிள்: வாங்குவதிலிருந்து மெருகேற்றுவது வரை

ஜப்பானில் நான்கு வருஷம் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியதிலிருந்து, என் எயார்சொஃப்ட் ரைஃபிளை, அதாவது பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கியை, பார்க்கிற தம்பிமார் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இது எவ்வளவு தூரம் போகும்?" தூரத்தை அப்புறம் பார்க்கலாம். பத்துத் தடவை சுட்டால் பத்தும் ஒரே இடத்துக்குப் போகிறதா என்று முதலில் கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஜப்பானியச் சட்டம். 2006இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டப்படி, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை 0.98 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோடு வெளியேறக் கூடாது. ஸ்னைப்பருக்கு என்று தனிச் சலுகை கிடையாது. சிபா மாகாணத்துக் காட்டுத் திடல்களில் எல்லார் கையிலும் இருப்பது ஒரே சக்திதான். ஆனாலும் 50 மீட்டர் தள்ளி மரத்துக்குப் பின்னால் தோளை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறவரை ஒரே உருண்டையில் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிற ஆட்களை அங்கே பார்த்தேன். அவர்களிடம் பலமான ஸ்பிரிங் இல்லை. ஒவ்வொரு உருண்டையும் போன உருண்டை மாதிரியே போகும்படி ரைஃபிளைப் பழக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பணம் கட்டும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இலங்கையில் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் கையில் இருப்பது விளையாட்டுச் சாமானா, உண்மையான துப்பாக்கியா என்று தெரியாது. நம் அப்பாமார் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே பழகியவர்கள். பெயரைக் கேட்டதும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட கதை நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த நாட்டில், அந்தச் சனத்தில் ஒருவராக, ரைஃபிள் வடிவத்தில் ஒரு பொருளைத் தூக்கப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் வெளிநாட்டுக் கடையில் ஓடர் போடும் முன், உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் சுங்கத் திணைக்களத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "பரவாயில்ல, கொண்டு வாங்க" என்று யார் சொன்னாலும் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் "இல்லை" என்று வந்தால் இல்லைதான். ஆசையை அடக்கிக்கொண்டு, இந்த விளையாட்டை அனுமதிக்கிற நாட்டுக்குப் போகிற நாளில் விளையாடுங்கள். நானும் எழுத்தில் பதில் கைக்கு வந்த பிறகுதான் பெட்டி கட்டினேன்.

அடுத்தது இடம். தோட்டத்து நிலம் என்றால் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், எழுத்தில் அனுமதி வேண்டும். கொழுந்து எடுக்கிற மலைக்குக் கிட்டவே போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைப்பது பெரிய தப்பு. விறகு பொறுக்க, புல் அறுக்க, ஊற்றில் தண்ணீர் எடுக்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். நான் பழகுவது சொந்தக்காரர் ஒருவருடைய பழைய தேயிலைத் துண்டில். பின்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் மேடு. வழி இரண்டிலும் கயிறு கட்டி, ஆள் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் மெகசினைப் போடுவேன். குரங்கு, நாய், பறவை எதையும் குறி பார்ப்பதில்லை. அதில் பேச்சே கிடையாது.

எந்த வகை ரைஃபிள்

கடைப் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். உண்மையில் இரண்டு வகைதான்: கையால் இழுத்து வைத்த ஸ்பிரிங் காற்றைத் தள்ளிச் சுடுவது, அடைத்த கேஸின் அழுத்தத்தால் சுடுவது.

கேஸ் ரைஃபிளில் சத்தம் மென்மை, போல்ட்டை (ஒவ்வொரு தடவையும் சுடும் முன் பின்னே இழுக்கிற கைப்பிடி) இழுக்கப் பலமே தேவையில்லை. ஆனால் நம் ஊருக்கு அது ஒத்துவராது. கிரீன் கேஸ் என்று விற்பது பெரும்பாலும் புரோபேன்தான். 30 பாகை வெயிலில் அதன் அழுத்தம் 11 பாருக்குக் கிட்ட இருக்கும். 10 பாகைக் குளிரில் ஆறரை பாருக்கும் கீழே இறங்கிவிடும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் பனி விழுந்து தேயிலை கருகுகிறதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. காலையில் வைத்த குறி மத்தியானம் மாறும், பின்னேரம் மூடுபனி இறங்கினால் மறுபடி மாறும். ஒரே மாதிரிப் போக வேண்டும் என்பதுதான் நம் கணக்கு என்றால், குளிரில் சக்தி மாறாத ஸ்பிரிங்கையே எடுங்கள்.

ஸ்பிரிங்கிலும் குடும்பங்கள் உண்டு. டோக்கியோ மருயி நிறுவனத்தின் வீஎஸ்ஆர்-10 தான் இதில் பெரிய குடும்பம். அந்த அளவுக்குப் பொருந்தும்படி ஜேஜி பார்-10, எக்‌ஷன் ஆர்மி டீ10, நோவ்ரிட்ஷ் எஸ்எஸ்ஜி10 என்று பல வந்துவிட்டன. இன்னொரு குடும்பம் எல்96 வடிவத்தில் வருவது. வெல் நிறுவனத்தின் எம்பி01 மாதிரியானவை. விலை குறைவு, பார்வைக்குக் கம்பீரம், ஆனால் தூக்கிக்கொண்டு மலையேறினால் தோள் கழன்றுவிடும். சில்வர்பேக் எஸ்ஆர்எஸ் பின்பக்கமாகவே ஸ்பிரிங் மாற்றக்கூடிய, நீளம் குறைந்த அருமையான ரைஃபிள். இடது கைக்காரருக்கும் தனியாகக் கிடைக்கிறது. காசு அதிகம்.

முதல் ரைஃபிள் என்றால் என் வாக்கு வீஎஸ்ஆர் குடும்பத்துக்குத்தான். காரணம் பாகங்கள். ஒரு திருகு தொலைந்தாலும் உலகத்தில் எங்கேயாவது அதே அளவில் கிடைக்கும். பக்கத்தில் கடை இல்லாத நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. வாங்கும்போதே சியர் (ட்ரிகருக்குள் ஸ்பிரிங்கின் பாரத்தைப் பிடித்து நிற்கிற துண்டு), பிஸ்டன் (காற்றைத் தள்ளுகிற பாகம்), ஸ்பிரிங், ஹொப் ரப்பர் (உருண்டையைச் சுழல வைக்கிற ரப்பர்) ஆகியவற்றில் ஒவ்வொரு உதிரியைச் சேர்த்து வாங்கி விடுங்கள்.

வீஎஸ்ஆரில் ஜி-ஸ்பெக் என்ற குட்டை வடிவத்தில் இன்னர் பெரல் (உருண்டை ஓடுகிற உள் குழாய்) 303 மில்லிமீட்டர், புரோ ஸ்னைப்பரில் 430 மில்லிமீட்டர். நீளமான பெரல் என்றால் துல்லியம் கூடும் என்பது உண்மையான துப்பாக்கியிலிருந்து வந்த நினைப்பு. இங்கே பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரில் இருக்கிற காற்றின் அளவும் பெரலின் கொள்ளளவும் பொருந்த வேண்டும், அதுதான் கணக்கு. காற்று தீர்ந்த பிறகும் உருண்டை பெரலுக்குள்ளேயே இருந்தால் வேகம் குறையும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வெளியேறும். புதரும் பாறையுமான நம் மலைக்கு 303 போதும். எனக்கு 430 பிடிக்கும். பழக்கம், வேறு காரணம் இல்லை.

கடையில் கையில் எடுக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் படுத்துக்கொண்டு போல்ட்டை முப்பது தடவை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு இழுப்பது எல்லாருக்கும் முடியும். படுத்த நிலையில், கன்னத்தை எடுக்காமல் இழுக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

முதல் மாதம் திருகாணியைத் தொடாதீர்கள்

முதலில் மாற்ற வேண்டியது உருண்டை. மற்ற எல்லாவற்றையும் விட மலிவான, பெரிய மாற்றம் இதுதான். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் உருண்டையை ரைஃபிளுக்குள் போடவே கூடாது. நடுவில் ஒட்டு வரம்பு இருக்கும், உள்ளே காற்றுக் குமிழ் இருக்கும், சில சமயம் பெரலுக்குள்ளேயே உடையும். நல்ல உருண்டை 5.95 மில்லிமீட்டர், ஒட்டுக் கோடே தெரியாது. கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து, அதன் மேல் பத்து உருண்டையை உருட்டி விடுங்கள். நேராக வராமல் வளைந்து ஓடுகிறது ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள்.

எடை எவ்வளவு? இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 0.20 கிராம் உருண்டை விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அது 1 ஜூல். அதே 1 ஜூலில் 0.43 கிராம் உருண்டை விநாடிக்கு 68 மீட்டரில்தான் புறப்படும். "அப்ப பாரமானது மோசம்தானே?" என்று கேட்பீர்கள். புறப்படும்போது மெதுவுதான். ஆனால் லேசான உருண்டை காற்றில் சீக்கிரம் களைத்துப் போகும், பாரமானது வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். தென்மேல் பருவக்காற்று பள்ளத்தாக்கில் புகுந்து ஊதுகிற வைகாசி, ஆனி மாதங்களில் 0.20 கிராம் உருண்டை எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1 ஜூல் ரைஃபிளுக்கு 0.30இல் ஆரம்பியுங்கள். 2 ஜூலுக்குக் கிட்ட இருந்தால் 0.40, 0.43 என்று போகலாம். ஒரு எடையைத் தெரிவு செய்தால் அதோடேயே இருங்கள். எடையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வரும்.

மண்ணில் மக்கும் உருண்டையும் உண்டு. நம் மலை மகாவலிக்கும் களனிக்கும் தலை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) குடிதண்ணீர் வருவதும் இதே ஊற்றுகளிலிருந்துதான். ஆகவே வெளியில் சுடுகிறவர்கள் மக்கும் வகையை வாங்குவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஹட்டன் மழையில் திறந்து வைத்த பக்கெட் சில நாளிலேயே கெட்டுப் போகலாம். மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைக்கட் இரண்டைப் போட்டு வையுங்கள். உப்பிய உருண்டை பெரலில் சிக்கினால் முன்பக்கமிருந்து கம்பியால் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது துடைப்பு. புதிய ரைஃபிளின் பெரலுக்குள் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். கம்பியில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து, துணி வெள்ளையாக வரும் வரை துடையுங்கள். கடைசியாகக் காய்ந்த துணி. பெரலுக்குள் எந்த எண்ணெயும் மிச்சம் இருக்கக் கூடாது. சிபாவில் முதல் வருஷம் நான் தையல் மெஷின் எண்ணெயைப் பெரலில் விட்டு, பளபளப்பாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு உருண்டையும் மேலே எழும்பவில்லை. ஹொப் ரப்பர் எண்ணெய் குடித்து வழுக்கிக்கொண்டிருந்தது. ரப்பரைக் கழற்றி எறிய வேண்டி வந்தது, ஒரு நாள் விளையாட்டும் போயிற்று.

ஹொப்-அப்: உயிர் இங்கேதான்

டென்னிஸ் பந்தைப் பின்பக்கமாகச் சுழல விட்டு எறிந்தால், அது சட்டென்று விழாமல் மிதந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். எயார்சொஃப்ட் உருண்டை போவதும் அப்படித்தான். பெரல் ஆரம்பிக்கிற இடத்தில், மேல்பக்க ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் மேடு எட்டிப் பார்க்கும். உருண்டை அதில் உரசிக்கொண்டு போகும்போது பின்பக்கமாகச் சுழலும். அந்தச் சுழற்சி உருண்டையைக் காற்றில் தாங்கும். ரப்பர் உரசுவது தடவைக்குத் தடவை ஒரே மாதிரி இருந்தால் உருண்டையும் ஒரே மாதிரிப் போகும். ரைஃபிளில் நீங்கள் செலவழிக்கிற காசில் முதல் காசு இங்கேதான் போக வேண்டும்.

வீஎஸ்ஆரோடு வருகிற ஹொப்பில் பக்கவாட்டு நெம்புகோல் ஒன்று ரப்பரை அழுத்தும். அது ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய அழுத்துவது சகஜம். உருண்டை இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இதற்கு மாற்று, நேர் மேலிருந்து திருகு ஒன்றால் அழுத்துகிற ஹொப். டீடீசி என்று சொல்வார்கள். ஒரு திருகு, ஒரே திசை, கால் சுற்று திருப்பினாலும் கணக்குத் தெரியும்.

ரப்பரை பக்கிங் என்பார்கள். மேப்பிள் லீஃப் நிறுவனத்தில் 50, 60, 70, 80 என்று கடினத்தைப் பாகையில் போட்டு விற்கிறார்கள். சக்தி குறைந்த ரைஃபிளுக்கு மென்மையானது, சக்தி கூடியதற்குக் கடினமானது. குளிரில் ரப்பர் இறுகும் என்பதால், நுவரெலியாப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு படி மென்மையானதை எடுக்கலாம். 1 ஜூலுக்கு 50 அல்லது 60 நல்லது.

மாட்டுவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பலரும் அவசரப்படுகிற இடம் இது. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள், விழுகிற சின்னப் பாகம் தெரியும். ரப்பருக்கு உள்ளே ஒரு வரம்பு இருக்கும். பெரலின் மேல் இருக்கிற பள்ளத்தில் அது போய் உட்கார வேண்டும். ரப்பரை முறுக்காமல் நேராகத் தள்ளுங்கள். பாதியில் முறுக்கினால் பிறகு எப்படித் திருகினாலும் நேராகாது. சேம்பருக்குள் (சுடும் முன் உருண்டை வந்து உட்காருகிற அறை) வைத்து மூடிய பிறகு, பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து, அதன் மேல் டோர்ச் அடித்து, பெரலின் முன்வாய் வழியாகப் பாருங்கள். ரைஃபிளிலிருந்து தனியாகக் கழற்றிய பெரலில் மட்டும் இப்படிப் பார்க்கலாம், பூட்டிய துப்பாக்கியின் வாயில் கண் வைக்கவே கூடாது. திருகை மெதுவாக இறக்கினால், வட்டத்தின் மேல் விளிம்பில் ரப்பர் மூன்றாம் பிறை மாதிரிக் கறுப்பாக இறங்கும். அந்தப் பிறை இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். எனக்கு முதல் தடவை ஏழு முறை கழற்ற வேண்டி வந்தது. அன்று இரவு பதினொரு மணிக்கு அந்தப் பிறை சரியாக வந்தபோது இருந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

இனித் திடலில் ஒத்திசைப்பது. 10 மீட்டருக்கு ஒரு குச்சி வீதம் 60 மீட்டர் வரை நட்டுக்கொள்ளுங்கள். தேயிலை நிரையை எண்ணியும் உத்தேசமாகத் தூரம் பார்க்கலாம். வீ.பி. தேயிலை (தண்டு வெட்டி வளர்த்த கன்று) நான்கு அடி இடைவெளியில் நிரை பிடித்திருந்தால், ஐம்பது நிரை 60 மீட்டருக்குக் கிட்ட வரும். திருகை முழுக்கத் தளர்த்தி ஒரு உருண்டை சுடுங்கள். 25, 30 மீட்டரில் விழும். கால் சுற்று இறுக்கி ஐந்து சுடுங்கள். மறுபடி கால் சுற்று, மறுபடி ஐந்து. உருண்டை கிட்டத்தட்ட நேராகப் போய், கடைசியில் இலேசாக எழும்பி, பிறகு விழுகிற இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பாதி வழியிலேயே வானத்தைப் பார்த்து ஏறிவிடும்.

உருண்டை போகிற விதமே நோயைச் சொல்லும். எப்போதும் ஒரே பக்கம் வளைந்தால் ரப்பர் கோணல். இடமும் வலமுமாக மாறி மாறிப் போனால் பெரல் அழுக்கு, அல்லது உருண்டை சரியில்லை. திசை சரியாக இருந்து, ஒன்று தூரம் ஒன்று கிட்ட என்று விழுந்தால் காற்றுக் கசிவு. இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்கிற எல்லாப் பாகத்தையும் வாங்க வேண்டி வராது.

பெரல்

மருயியின் பெரல் உள்விட்டம் 6.08 மில்லிமீட்டர். 6.03, 6.01 என்று இறுக்கமானவை விற்பனையில் உண்டு. இறுக்கம் கூடினால் காற்று வீணாகாது, வேகம் கொஞ்சம் ஏறும். ஆனால் ஈரமும் தூசியும் உள்ள இடத்தில் 6.01 நச்சரிப்பு. 6.03 போதும். விட்டத்தை விட உள்பக்க வழவழப்பும் நேரான தன்மையும் முக்கியம். பழைய பெரல் நேராக, கீறல் இல்லாமல் இருந்தால் இந்தப் படியைத் தாண்டியே போகலாம்.

காற்றுக் கசிவு

போல்ட்டோடு சிலிண்டரைக் கழற்றி எடுங்கள். முன்பக்க மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைக் கையால் தள்ளுங்கள். பாதியில் நின்று, விட்டால் திரும்பி வர வேண்டும். புஸ்ஸென்று காற்று போனால் பிஸ்டன் தலையில் இருக்கிற ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மெலிந்திருக்கிறது. அதைக் கழற்றி, பள்ளத்தில் குழாய் வேலைக்குப் பாவிக்கிற வெள்ளை டெஃப்லோன் டேப்பை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி ஓ-ரிங்கை மாட்டி, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். ஹாட்வெயார் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற டேப் செய்கிற வேலை இது. அதிகமாகச் சுற்றினால் பிஸ்டன் இறுகி வேகம் குறையும், கவனம்.

வேகம் அளக்கும் குரோனோ கருவி கிடைத்தால் நீங்கள் பாவிக்கிற எடையிலேயே பத்து உருண்டை சுட்டு எழுதி வையுங்கள். கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையில் விநாடிக்கு 2 மீட்டருக்குள் இருந்தால் ரைஃபிள் நல்ல நிலையில் இருக்கிறது.

ட்ரிகர் முதலில், ஸ்பிரிங் கடைசியில்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பெட்டியைத் திறந்த அன்றே எம்150 ஸ்பிரிங்கைத் திணிக்கிறார்கள். எம் என்ற எண், 0.20 கிராம் உருண்டை விநாடிக்கு எத்தனை மீட்டர் போகும் என்பதை உத்தேசமாகச் சொல்கிறது. சக்தி வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், எம்150 ஸ்பிரிங் எம்100ஐப் போல இரண்டே கால் மடங்கு சக்தி தரும். அந்தப் பாரம் முழுவதையும் பிடித்து நிற்பது ட்ரிகருக்குள் இருக்கிற சியர் என்ற சின்னத் துண்டு. விலை குறைந்த ரைஃபிள்களில் அது நாக (ஸிங்க்) உலோகக் கலவை. சில நூறு இழுப்பில் அதன் விளிம்பு தேயும். தேய்ந்த சியர் ட்ரிகரைத் தொடாமலே விடும். போல்ட்டை முன்னே தள்ளும்போதே வெடிக்கிற ரைஃபிள் விளையாட்டுச் சாமான் இல்லை, ஆபத்து.

ஆகவே சக்தி கூட்டுவதென்றால் முதலில் இரும்பு சியர் உள்ள ட்ரிகர். லேய்லெக்ஸ், எக்‌ஷன் ஆர்மி போன்றவர்கள் 90 பாகை ட்ரிகரை (சியர் பிஸ்டனைச் செங்குத்தாகப் பிடிக்கும்) ஸீரோ ட்ரிகர் என்ற பெயரில் விற்கிறார்கள். அதற்கு அதே 90 பாகைக்கு வெட்டிய பிஸ்டனும் பொருந்துகிற ஸ்பிரிங் கைடும் (ஸ்பிரிங்குக்கு உள்ளே நிற்கிற தண்டு) வேண்டும். ஸ்பிரிங் கைடில் 7 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என்று வித்தியாசம் உண்டு. ஸ்பிரிங்கின் உள்விட்டமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே தொகுதியாக வாங்குவதுதான் புத்தி.

எவ்வளவு சக்தி? விளையாடுகிற இடத்துச் சட்டமும் திடல் விதியும் சொல்கிற அளவு. பிரிட்டனில் ஒவ்வொன்றாகச் சுடும் ரைஃபிளுக்கு 2.5 ஜூல் எல்லை. அங்கே பல திடல்களில், சக்தி கூடிய ஸ்னைப்பர் 30 மீட்டருக்கு உள்ளே இருக்கிறவரைச் சுடக் கூடாது. என் ரைஃபிள் இன்றைக்கும் 0.98க்குள்தான் இருக்கிறது. நம் மலையில் 50 மீட்டருக்கு மேல் நேர்ப் பார்வை கிடைக்கிற இடமே குறைவு, எனக்குக் கூட்ட வேண்டிய தேவை வரவில்லை.

மலைக்கென்று சில திருத்தங்கள்

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலியும். நுவரெலியாவில் அது கரையோரத்தை விட ஆறில் ஒரு பங்கு மெல்லியது. மெல்லிய காற்று உருண்டையைக் குறைவாகத் தடுக்கும், அது நல்லது. ஆனால் சுழலும் உருண்டையைத் தாங்குவதும் அதே காற்றுதான், அந்தத் தாங்கலும் குறையும். கண்டியில் ஒத்திசைத்த ரைஃபிளை நுவரெலியாவுக்குக் கொண்டு போனால் ஹொப்பைக் கொஞ்சம் இறுக்க வேண்டி வரலாம். போனதும் ஐந்து உருண்டை சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சரிவு இன்னொரு பாடம். 30 பாகைச் சரிவில் மேல் நோக்கிச் சுட்டாலும் கீழ் நோக்கிச் சுட்டாலும் உருண்டை நினைத்ததை விட மேலே போகும். ஹொப் தருகிற தாங்கல் அப்படியே இருக்க, அதற்கு எதிராக இழுக்கிற புவியீர்ப்பின் பங்கு எட்டில் ஒன்று அளவுக்குக் குறைந்துவிடுவதுதான் காரணம். திருகைத் தொட வேண்டாம், குறியைச் சற்றுக் கீழே வையுங்கள். எவ்வளவு கீழே என்பதை உங்கள் ரைஃபிள்தான் சொல்லும். கவ்வாத்து வெட்டிய மலையில் இது நன்றாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்கோப்

ஒன்பது மடங்கு பெருக்குகிற ஸ்கோப் நமக்குத் தேவையில்லை. 60 மீட்டர் விளையாட்டுக்கு நான்கு மடங்கே தாராளம். மடங்கு கூடினால் பார்வை குறுகும், மூடுபனியில் வெள்ளைத் திரை மட்டும்தான் தெரியும். ஹொப் சரியான பிறகே ஸ்கோப்பைக் குறிக்கு வையுங்கள், முன்னால் வைத்தால் இரண்டு வேலை. முன் கண்ணாடிக்குத் தெளிவான பொலிகாபனேட் தகடு ஒன்றை மாட்டுங்கள், எதிரணி உருண்டை ஒன்று போதும் லென்ஸ் உடைய.

மறைவு உடுப்பு

காசு கொடுத்து வாங்க வேண்டாம். சணல் சாக்கைப் பிரித்து நூலாக்கி, பழைய மீன்பிடி வலைத் துண்டில் முடிச்சுப் போடுங்கள். கடும் சாயத் தேயிலைத் தண்ணீரில் பாதி நூலை ஊற வைத்தால் காய்ந்த கிளையின் நிறம் வரும். பச்சைக்கு அந்த அந்த இடத்து மானாப்புல்லைச் செருகினால் போதும். மழையில் இது இரண்டு மடங்கு பாரமாகும், ஆகவே முதுகுக்கும் தலைக்கும் மட்டும் செய்யுங்கள். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொண்டு போங்கள், படுத்துக் கிடக்கிறவரை அது முதலில் தேடி வரும்.

கண்

சாதாரண வெயில் கண்ணாடி போதாது. முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டுகிற, ஏஎன்எஸ்ஐ ஸீ87.1 அல்லது ஈஎன்166 தரக் குறியீடு உள்ள கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைக்கும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள். நம் குளிரில் கண்ணாடி ஆவி பிடிக்கும், உடனே கழற்றித் துடைக்கத் தோன்றும். திடலுக்குள் கழற்றவே கூடாது. கம்பி வலைக் கண்ணாடி ஆவி பிடிக்காது, ஆனால் உருண்டை உடைந்தால் துகள் உள்ளே வரும். இரண்டு அடுக்கு லென்ஸ் உள்ளதை வாங்குங்கள். வாய்க்கும் ஒரு முகமூடி, பல் மறுபடி முளைக்காது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

திடலை விட்டு வெளியேறும் முன் மெகசினைக் கழற்றி, மண் மேட்டைப் பார்த்து இரண்டு தடவை வெறுமனே சுடுங்கள். சேம்பரில் தங்கிய உருண்டை இருந்தால் போய்விடும், ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும். பிறகு உறையில் போட்டு ஸிப்பை மூடுங்கள். பஸ்ஸிலோ பதுளை ரயிலிலோ உறையைத் திறந்து காட்டாதீர்கள், யார் கேட்டாலும் சரி. அனுமதிக் கடிதத்தின் பிரதி உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டில் ஈரத் துணியால் வெளிப்பக்கம், காய்ந்த துணியால் போல்ட், சிலிண்டர். இரும்புப் பாகங்களுக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி, துணியில் விட்டுத் தடவ வேண்டும். அடுப்புப் பரணில் வைத்துக் காய வைக்காதீர்கள், புகையும் சூடும் ரப்பரைக் கொன்றுவிடும். ஹொப் திருகை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், எத்தனை சுற்றுத் தளர்த்தினீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் போன ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி இருக்கிறது: "0.30 கிராம், 17 பாகை, லேசான மூடுபனி, இரண்டே கால் சுற்று. 40 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு, பத்தில் எட்டு." அடுத்த ஞாயிறு இரண்டே கால் சுற்றிலிருந்து ஆரம்பிப்பேன்.